தீவன மூட்டையில் கவனம் தேவை: காய்ச்சினாலும் சாகாத நோய்ப்பொருள்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவின் நல்ல பெயர், சுற்று வட்டாரத்தில் கறக்கும் பாலைப் பொறுத்தது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகளில் பருத்திக்கொட்டை, பிண்ணாக்கு, சோளத்தட்டை போட்டு மாடு வளர்ப்பது பழைய வழக்கம். இப்போது மூட்டைத் தீவனமும் சேர்ந்திருக்கிறது. மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்து வாங்குவது ஏன் அவசியம் என்பதை, பிரிட்டன் விவசாயிகள் பெரும் நஷ்டப்பட்ட பிறகே தெரிந்துகொண்டனர்.

பைத்திய மாட்டு நோய்

1986-ல் பிரிட்டனில் பசுக்களிடம் புதிய நோய் ஒன்று கண்டறியப்பட்டது. சாதுவான மாடு மிரளும், உதைக்கும், தள்ளாடி விழும். மூளை கடற்பஞ்சு போலத் துளைத்துப் போகும். மருந்து கிடையாது. இறைச்சிக்கூடக் கழிவையும் எலும்பையும் வேகவைத்து அரைத்து, புரதச் சத்துக்காகத் தீவனத்தில் கலந்ததே இது பரவக் காரணம். 1988-ல் அந்தத் தீவனம் தடை செய்யப்பட்டது. ஆனால் நோய் வெளியே தெரிய நான்கைந்து ஆண்டுகள் ஆகும் என்பதால், அதன் பிறகும் ஆயிரக்கணக்கில் மாடுகள் விழுந்தன. மொத்தம் 1,80,000-க்கும் மேற்பட்ட மாடுகளில் நோய் உறுதியானது. மனிதருக்கும் இது வந்திருக்கலாம் என்று 1996-ல் பிரிட்டன் அரசு அறிவித்தது. அங்கு 170-க்கும் அதிகமானோர் இந்நோயால் இறந்தனர்.

விடாமுயற்சியின் பலன்

இந்த நோய்ப்பொருளை இனம் காட்டியவர் அமெரிக்க விஞ்ஞானி டாக்டர் ஸ்டான்லி புரூசினர். 1972-ல் சான் பிரான்சிஸ்கோவில் மருத்துவப் பயிற்சியில் இருந்தபோது, நினைவு குன்றிச் சாகும் நிலையில் ஒரு நோயாளியைக் கண்டார். இதே இனத்தைச் சேர்ந்த 'ஸ்கிரேப்பி' என்ற ஆட்டு நோயை ஆராயத் தொடங்கினார். உடம்பு அரித்து, மேலெல்லாம் உராய்ந்து, நடை தடுமாறி ஆடு சாகும் நோய் அது.

சுண்டெலிகளில் சோதனை முடிவு தெரிய மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. சீக்கிரம் நோய் காட்டும் ஹாம்ஸ்டர் என்ற எலியினத்துக்கு மாறிய பிறகே வேலை வேகமாக நடந்தது. ஒரு கட்டத்தில் அவருக்கு வந்த ஆராய்ச்சி உதவித்தொகையும் நின்றது. ஆனாலும் அவர் விடவில்லை. நோய்க்குக் காரணம் வழக்கமான கிருமியல்ல, ஒரு புரதமே என்று 1982-ல் எழுதி, அதற்குப் 'பிரியான்' என்று பெயர் வைத்தார். பல விஞ்ஞானிகள் ஏற்க மறுத்தனர். 1997-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சிறிது உறைமோர் பாலையெல்லாம் தயிராக்குவது போல, உருமாறிய புரதம் மூளையில் உள்ள நல்ல புரதத்தையும் தன்னைப் போல மாற்றிவிடும். உறைமோரைக் கொதிக்க வைத்தால் அதன் வேகம் போய்விடும். பிரியான் கொதித்தாலும் போகாது. எலும்புத்தூளை வேகவைத்தும் பயன் இல்லாமல் போனது இதனால்தான்.

நம் நாட்டில்

இந்தியாவில் பைத்திய மாட்டு நோய் இதுவரை பதிவாகவில்லை. இமயமலை அடிவார ஆடுகளில் ஸ்கிரேப்பி இருந்ததை ஆராய்ச்சியாளர்கள் ஸ்லாட்னிக், கட்டியார் இருவரும் 1961-ல் வெளியிட்டனர். ஆகவே முன்னெச்சரிக்கை தேவை.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை:

• மாடு, எருமை, ஆடுகளுக்கு இறைச்சித்தூள், எலும்புத்தூள், இரத்தத்தூள் கலந்த தீவனம் கூடாது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளும் இதைத் தடுக்கின்றன.

• கோழி, பன்றி, மீன் தீவனம் மிஞ்சினாலும் மாட்டுக்குப் போடக்கூடாது.

• வயலுக்கு வாங்கிய எலும்புத்தூள் உரத்தைத் தீவன அறையில் வைக்கக்கூடாது.

• மூட்டையில் சேர்மானம் அச்சிடப்படாத தீவனத்தை வாங்க வேண்டாம்.

• இறந்த கால்நடையை ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும்.

• மாடோ ஆடோ மிரண்டு தள்ளாடினால் வாயில் கைவிடாமல், உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். நம் பகுதியில் அது நாய்க்கடியால் வரும் வெறிநோயாகவும் இருக்கலாம்.

மூட்டைக்குப் பத்து ரூபாய் குறைவாகக் கிடைக்கிறதே என்று சேர்மானம் பார்க்காமல் வாங்கினால், கடைசியில் மாடும் மிஞ்சாது, பாலுக்குள்ள நல்ல பெயரும் மிஞ்சாது.