இடைவெளியை அடைத்த சுழல்துப்பாக்கி

சுழல்துப்பாக்கியில் தோட்டாக்களைத் தாங்கும் உருளை தடையின்றிச் சுழல, அதற்கும் குழலுக்கும் இடையே சிறு இடைவெளி இன்றியமையாதது. ஆனால், சுடும்பொழுது வெடிவாயுவின் ஒரு பகுதி அவ்வழியே கசிந்து வீணாகும். இதனைத் தடுக்க முயன்றோருள் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்து லியோன் நகான் ஒருவர். 1895-ல் ருஷ்யப் படை ஏற்றுக்கொண்ட அவரது துப்பாக்கி ஏழு தோட்டாக்களைக் கொண்டது. அதன் சுத்தியல் பின்வாங்குகையில், உருளை சுழல்வதோடு முன்னோக்கி நகர்ந்து குழலோடு பொருந்துகிறது. குண்டை முழுவதும் உள்ளடக்கிய நீண்ட தோட்டாவுறையின் வாய் குழலினுள் நுழைகிறது. வெடிக்கும்பொழுது விரிந்து, வாயுவை அடைத்துவிடுகிறது. எனினும், சுத்தியலைக் கையால் இழுக்காது விசையைக் கொண்டே சுடுங்கால், உருளையையும் விரலே தள்ளவேண்டியிருப்பதால் விசை மிகக் கடினமாயிற்று. ஒரு குறையை நீக்கும் பொறியமைப்பு மற்றொரு சுமையைச் சேர்ப்பதுண்டு என்பதை மாணவர்க்கு உணர்த்த இது தக்க சான்றாகும்.