குருவின் இல்லம்: மண்சுவரும் கல்சுவரும் சொல்வது

ஓர் ஊருக்குள் நுழைந்தால் ஆலய கோபுரம்தான் முதலில் நம் கண்ணில் படுகிறது. அதன் அருகே அடக்கமாக நிற்கும் குருவின் இல்லத்தை நாம் அதிகம் கவனிப்பதில்லை. ஆனால் குருக்கள் மக்களோடு எப்படி வாழ்ந்தார்கள் என்பதை ஆலயத்தைவிட அந்த இல்லமே தெளிவாகச் சொல்லும்.

ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் 'புரோவண்ட்ஸ் லார்ட்ஷிப்' என்றொரு பழைய வீடு உள்ளது. 1471ஆம் ஆண்டு ஆயர் ஆண்ட்ரூ மியூர்ஹெட் கட்டிய புனித நிக்கோலாஸ் மருத்துவ இல்லத்தைச் சேர்ந்தது அது. பேராலயத்துக்கு எதிரே, மூன்று தளங்களோடு நிற்கிறது. தடித்த கல்சுவர், சிறிய சன்னல்கள், கணப்பு அடுப்பு, படிப்படியாக ஏறும் முகட்டுச் சுவர் என்று குளிருக்கும் மழைக்கும் ஏற்ற அமைப்பு. 1560இல் அந்நாட்டில் சமயச் சீர்திருத்தம் நிகழ்ந்தபின் அது தனியார் கைக்குப் போனது. இடிக்கப்படும் நிலை வந்தபோது, 1906இல் நகர மக்கள் சிலர் சங்கம் அமைத்து அதைக் காப்பாற்றினார்கள். இன்று அது அருங்காட்சியகம்.

இனி நம் மதுரைக்கு வருவோம். 1606ஆம் ஆண்டு இங்கு வந்த இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலியை நாம் தத்துவ போதகர் என்று அறிவோம். அவருக்கு முன்பே அருள்தந்தை கொன்சாலோ பெர்னாண்டஸ் மதுரையில் பணியாற்றி வந்தார். தத்துவ போதகர் அந்த இல்லத்திலிருந்து பிரிந்து, அந்தணர் குடியிருப்பில் மண்சுவரும் கூரையும் கொண்ட எளிய வீட்டில் குடியேறினார். காவி உடுத்தார், சைவ உணவு உண்டார். துறவியின் வாழ்வுக்கு ஏற்ற வீடாக அதை அமைத்துக்கொண்டார்.

திருப்பரங்குன்றம், யானைமலை போன்ற பாறைக் குன்றுகள் சூழ்ந்த ஊர் மதுரை. அக்குன்றுகளைக் குடைந்து கோயில்கள் எழுந்தன. ஆனால் சாதாரண மக்களின் வீடு மண்ணால் ஆனது. காரணம் வறுமை மட்டுமல்ல. தடித்த மண்சுவர் பகல் வெயிலை உடனே உள்ளே விடாது. ஓலைக் கூரையும் வெப்பத்தைத் தடுக்கும். தாழ்வாக இறங்கும் கூரை விளிம்பு சுவரை மழையிலிருந்து காக்கும். சுவரை ஒட்டிய திண்ணை அடிச்சுவருக்கு வலுவூட்டும். வழிப்போக்கனுக்கு இளைப்பாற இடமும் தரும். ஆனால் ஓலையை அடிக்கடி மாற்ற வேண்டும். சுவரை மெழுக வேண்டும். கவனிப்பு நின்றால் சில மழைக்காலங்களில் வீடு கரைந்துவிடும். தத்துவ போதகரின் வீடும் இன்று இல்லை.

அந்த வீடு ஒரு கேள்வியையும் விட்டுச் சென்றது. உயர்சாதியினர் தயக்கமின்றி வந்து உரையாட அது வாசல் திறந்தது. அதே வாசல் மற்றவர்களுக்கு எளிதில் திறக்கவில்லை. அவரது வழிமுறை பற்றி எழுந்த கடும் விவாதத்தில், 1623இல் திருத்தந்தை 15ஆம் கிரகோரி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். ஆயினும் ஒடுக்கப்பட்ட மக்களை அணுக வேறு வழி தேவைப்பட்டது. 1640இல் அருள்தந்தை பல்தசார் தெ கோஸ்தா பண்டார சுவாமியாக வாழத் தொடங்கினார். பண்டார சுவாமிகள் எல்லாச் சாதியாரிடமும் செல்ல முடிந்தது. குரு எந்தத் தெருவில் வாழ்கிறார், அவர் வீட்டுப் படி ஏறி வரக்கூடியவர் யார் என்பது கட்டடக்கலைக் கேள்வி மட்டுமல்ல என்பதை மதுரை மறைப்பணி வரலாறு காட்டுகிறது.

1838இல் இயேசு சபையினர் மீண்டும் மதுரை மறைப்பணியை ஏற்றனர். அந்தக் காலத்துக்குப்பின் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட குருக்கள் இல்லங்கள் எழுந்தன. உயர்ந்த விட்டம், தூண்கள் தாங்கும் நீண்ட தாழ்வாரம், மரக்கட்டைகள்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு இட்ட மெட்ராஸ் தளம் ஆகியவை இவ்வகைக் கட்டடங்களின் அடையாளம். திண்ணை செய்த வேலையைத் தாழ்வாரம் செய்தது. மனு எழுதித் தரச் சொல்லி வருபவரும் சண்டையைத் தீர்த்து வைக்கக் கேட்டு வருபவரும் அங்கே நிழலில் உட்கார்ந்தார்கள்.

இத்தகைய பழைய இல்லம் உங்கள் பங்கில் இருந்தால், இடிக்கும் முன் ஒருமுறை யோசியுங்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் தன்மையுடையது. அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே தங்கிச் சுவர் உதிரும். பழுது பார்க்கச் சுண்ணாம்பையே பயன்படுத்துவது நல்லது. மழைநீர் தேங்காமல் தளத்தையும் வடிகாலையும் ஆண்டுதோறும் கவனித்தாலே பெரும்பகுதி காப்பாற்றப்படும்.

புதிய இல்லம் கட்டத்தான் வேண்டுமென்றால், ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். உயர்ந்த மதிலும் இரும்புக் கதவும் அழைப்பு மணியும் வைக்குமுன், ஏழை ஒருவர் தயங்காமல் வந்து அமர ஒரு திண்ணைக்கு இடம் ஒதுக்குங்கள். கிளாஸ்கோவின் கல்வீடு ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. மதுரையின் மண்வீடு மண்ணோடு கலந்துவிட்டது. ஆனால் இரண்டிடமும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வாசல் யாருக்குத் திறந்திருந்தது?