பி.இ.யில் 6.2: பிஎச்.டி.க்கு வழி உண்டா?

இளநிலைப் படிப்பில் சுமாரான மதிப்பெண் வாங்கிய ஒருவர் பிஎச்.டி. என்று பேச்செடுத்தால், நம் கல்லூரிகளில் கிடைக்கும் முதல் பதில், "அதெல்லாம் 9க்கு மேல வாங்கினவங்களுக்குப்பா" என்பதுதான். சொல்பவர்களில் பலர் விதிமுறையைப் படித்துவிட்டுச் சொல்வதில்லை. ஆனாலும் இந்த ஒரு பதிலே பல பிள்ளைகளை ஆராய்ச்சிப் பக்கம் தலைவைத்துப் படுக்க விடாமல் செய்துவிடுகிறது.

சிஜிபிஏ என்பது சராசரி. சராசரி சில விஷயங்களை மறைக்கும். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டு இன்ஜினீயரிங் சேர்ந்த ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். எம்-1, எம்-2 கணிதத் தாள்களில் அரியர். ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பு பிடிபடவே இரண்டு வருடம் ஆகிறது. முதல் நான்கு செமஸ்டர்களில் சராசரி 5, கடைசி நான்கில் 7.4 என்றால் மொத்தம் 6.2 வரும். எட்டு செமஸ்டரும் ஒரே மாதிரி 6.2 வாங்கியவருக்கும் அதே எண்தான். ஆராய்ச்சிக்கு ஆள் எடுப்பவர் பார்வையில் இவர்கள் இருவரும் ஒன்றல்ல. அமெரிக்காவில் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம், மேற்படிப்புக்கான குறைந்தபட்சத் தகுதியை முழுப் படிப்பின் சராசரியை வைத்துக் கணக்கிடுவதில்லை. கடைசியாகப் படித்த 60 செமஸ்டர் கிரெடிட்டுகளை, அதாவது ஏறக்குறைய கடைசி இரண்டு ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது. நம் மாணவியின் முன்னேற்றம் அங்கே கண்ணுக்குத் தெரியும்.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது? யுஜிசியின் 2022 பிஎச்.டி. ஒழுங்குமுறைப்படி, இரண்டாண்டு முதுநிலைப் படிப்பில் 55 சதவீதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். எஸ்.சி., எஸ்.டி., கிரீமிலேயர் அல்லாத ஓ.பி.சி., மாற்றுத்திறனாளி, பொருளாதாரத்தில் பின்தங்கிய பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. முதுநிலைப் பட்டம் பெற்றவரிடம் இளநிலையில் இத்தனை சதவீதம் வேண்டும் என்று அந்த விதி கேட்கவே இல்லை. நான்காண்டு இளநிலையை முடித்துவிட்டு நேராக பிஎச்.டி. சேர விரும்புவோருக்குத்தான் 75 சதவீதம் என்ற நிபந்தனை. ஐ.ஐ.டி.க்கள் தங்களுக்கென்று தனி விதி வைத்திருக்கின்றன. சில பல்கலைக்கழகங்களும் கூடுதல் நிபந்தனை போடுவதுண்டு. ஆகவே சேர விரும்பும் துறையின் அறிவிக்கையை வரிவரியாகப் படிக்க வேண்டும். சீனியர் சொன்னதை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

6.2 வாங்கியவருக்கு நேர் வழி அடைபட்டிருக்கிறது, முதுநிலை வழியாகப் போகும் பாதை திறந்திருக்கிறது. அந்தப் பாதையின் வாசலில் இருப்பது கேட். இந்தத் தேர்வை எழுத இளநிலையில் குறைந்தபட்ச மதிப்பெண் தேவையில்லை. மூன்றாம் ஆண்டிலிருந்தே எழுதலாம், எத்தனை முறையும் எழுதலாம், வயது வரம்பும் கிடையாது. ஸ்கோர் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். பழைய மதிப்பெண்ணைக் கேட்காமல் இன்றைக்கு உனக்கு என்ன தெரியும் என்று மட்டும் கேட்கும் தேர்வு நம் நாட்டில் அபூர்வம். அறிவியல், கலைப் பாடங்களில் முதுநிலை படித்தவர்களுக்கு நெட் இருக்கிறது. 2024 முதல் பிஎச்.டி. சேர்க்கைக்கும் நெட் ஸ்கோர் பயன்படுகிறது, ஜே.ஆர்.எஃப். கிடைக்காமல் பிஎச்.டி.க்குத் தகுதி பெறுபவர்களுக்கு அந்த ஸ்கோருக்கு 70 சதவீத எடை, நேர்காணலுக்கு 30. ஜே.ஆர்.எஃப். கிடைத்துவிட்டால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு வருகிறவர் என்பதால், கைடுகளும் மகிழ்ச்சியாக வரவேற்பார்கள்.

முதுநிலைப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைப் பார்க்க வேண்டும்: அதில் உண்மையான ஆய்வேடு இருக்கிறதா? சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள எம்.எஸ். ஆராய்ச்சிப் பட்டம் போன்றவை இதற்கென்றே உள்ளவை. பாடங்கள் குறைவு, ஆய்வு அதிகம். நன்றாகச் செய்பவர்கள் அங்கிருந்தே பிஎச்.டி.க்கு மாறிக்கொள்ளவும் இடமுண்டு. முதுநிலையில் 8.5 எடுத்து, ஒழுங்கான ஆய்வேடும் வைத்திருப்பவரிடம் பி.இ. மார்க்கைப் பற்றி யாரும் நீளமாகக் கேட்க மாட்டார்கள். ஜெர்மனியிலும் பிஎச்.டி.க்கு முதுநிலைப் பட்டம்தான் பெரும்பாலும் அடிப்படை. ஆனால் அந்த முதுநிலையில் சேர இளநிலை மதிப்பெண்ணை அவர்கள் கணக்குக்கு மாற்றிப் பார்ப்பார்கள். நம் 6.2, தேர்ச்சி 5 என்று கொண்டால், அங்கே 3.28 ஆகும். 1 தான் அங்கே மிகச் சிறந்த மதிப்பெண், 4 கடைசித் தேர்ச்சி. 2.5க்குள் கேட்கும் படிப்புகள் நிறைய இருப்பதால், இந்தியாவிலேயே முதுநிலையை முடித்துவிட்டுப் போவது பலருக்கு நல்லது.

இன்னொரு வழி, எனக்குத் தெரிந்து மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படும் வழி, ப்ராஜெக்ட் அசோசியேட் வேலை. அரசு நிதியில் நடக்கும் ஆய்வுத் திட்டங்களுக்குப் பேராசிரியர்கள் ஆள் எடுப்பார்கள். அறிவிப்பு நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் ஒரு மூலையில் கிடக்கும், கடைசித் தேதியும் சீக்கிரம் வந்துவிடும். சம்பளம் பெரிதல்ல. ஆனால் ஓராண்டு ஒரு ஆய்வகத்தில் கருவி கெட்டுப்போவதையும், கணக்கு தப்பிப்போவதையும், மறுபடி முதலிலிருந்து செய்வதையும் அனுபவித்தவரை ஒரு கைடு வேறு கண்ணால் பார்ப்பார். பிஎச்.டி. என்பது ஐந்தாண்டு அதைத்தான் செய்வது. இந்த ஓராண்டில் 'இது எனக்குப் பிடிக்கவில்லை' என்று தெரிந்துகொண்டால் அதுவும் லாபமே.

இங்கே ஓர் எச்சரிக்கை. மதிப்பெண் குறைவை ஈடுகட்ட 'பேப்பர் போடு' என்று ஆலோசனை சொல்வார்கள். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடும் இதழ்கள் நம்மூரில் மலிந்து கிடக்கின்றன. அப்படிப்பட்ட நான்கு கட்டுரைகளை விண்ணப்பத்தில் வைப்பது, குறைந்த மதிப்பெண்ணைவிட அதிகக் கெடுதல் செய்யும். மதிப்பெண் குறைவு வெறும் பலவீனம். காசு கொடுத்துப் போட்ட கட்டுரை நேர்மையின்மீதே சந்தேகத்தைக் கிளப்பும். அந்தப் பணத்தையும் நேரத்தையும் சறுக்கிய பாடத்தை என்.பி.டி.இ.எல். இணையவழி வகுப்பில் மறுபடி படித்து, நேரில் போய்த் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கச் செலவிடலாம். கணிதத்தில் அரியர் வைத்தவர் லீனியர் அல்ஜிப்ராவில் நல்ல ஸ்கோர் காட்டினால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. நேர்காணலிலும் அது உதவும். அங்கே பெரும்பாலும் மதிப்பெண்ணைத் துருவ மாட்டார்கள். "உங்களுக்குப் பிடித்த இரண்டு பாடம் சொல்லுங்கள்" என்று தொடங்கி, அடிப்படைக் கேள்விகளாகக் கேட்டுக்கொண்டே போவார்கள். அங்கே தடுமாறினால் 9.5 இருந்தாலும் காப்பாற்றாது.

நோக்க அறிக்கையில் குறைந்த மதிப்பெண்ணை ஒளிக்க வேண்டாம், ஒப்பாரி வைக்கவும் வேண்டாம். என்ன நடந்தது, எப்போது சரியானது என்று இரண்டு வாக்கியம் போதும். மீதி இடமெல்லாம் நீங்கள் செய்த வேலைக்கு: எந்தக் கேள்வி, என்ன முறை, எங்கே தோற்றது, என்ன தெரிந்தது.

கடைசியாக, பரிந்துரைக் கடிதம். குறைந்த மதிப்பெண்காரருக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய துணை இதுதான். அக்காலக் கல்லூரித் தேர்வான எஃப்.ஏ.வில் தேறாத, பட்டமே இல்லாத கணித மேதை ராமானுஜனுக்கு 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், அவருடைய கணக்குகளைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதம் அதற்கு முக்கியக் காரணம். எல்லோரும் ராமானுஜன் ஆக முடியாதுதான். ஆனால் வேலையைக் கண்ணால் பார்த்த ஒருவர் எழுதும் கடிதம், மதிப்பெண் பட்டியல் சொல்லாததைச் சொல்லும் என்பது அன்றும் இன்றும் ஒன்றே. ஆகவே துறைத்தலைவர் என்ற பதவிக்காக, உங்கள் பெயரே நினைவில்லாதவரிடம் போகாதீர்கள். உங்களோடு ஆய்வகத்தில் நின்ற உதவிப் பேராசிரியரிடம் போங்கள்.

பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடறேன்" என்பது நம் கல்லூரிகளில் வழக்கமாகிவிட்டது. நன்றாகப் படித்த பிள்ளை அதையும் தாண்டிப் போய்விடும். முதல் இரண்டாண்டு தடுமாறி, பிறகு உங்கள் கண்முன்னால் எழுந்து நின்ற பிள்ளைக்கு, அதைப் பார்த்தவர் நீங்கள் மட்டும்தான். அந்தக் கடிதத்தை நீங்களே உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள்.