நோயை முந்தும் செய்தி: நகரங்களின் நலவாழ்வுக் கூட்டுறவு

கப்பலும் விமானமும் வந்து சேரும் எந்த நகரமும் தன் மக்களின் நலவாழ்வைத் தனித்து நின்று காத்துவிட முடியாது. அதில் ஒரு பங்கு எப்போதும் தொலைவிலுள்ள மற்றொரு நகரத்தின் கையில் இருக்கிறது. நகரங்கள் ஒன்றுக்கொன்று எவற்றை வழங்கலாம் என்று கேட்டால், மருந்து, மருத்துவர், நிதி என நாம் அடுக்கத் தொடங்குவோம். இவை அனைத்துக்கும் முன்னே நிற்பது, உரிய காலத்தில் சொல்லப்படும் உண்மையான செய்தியாகும். அச்செய்திப் பரிமாற்றத்தின் வரலாற்றில் நம் வட்டாரத்துக்குச் சிறப்பான இடம் உண்டு.

1894இல் ஹாங்காங்கில் பிளேக் நோய் பரவியது. 1896இல் அது பம்பாயில் தலைகாட்டியது. துறைமுக நகரங்கள் அஞ்சின. வரும் கப்பலை நிறுத்திப் பயணிகளைத் தனிமைப்படுத்துவதே அக்காலத்தில் அவற்றின் முதன்மையான காப்பு முறை. சிங்கப்பூருக்கு அருகே செயிண்ட் ஜான்ஸ் தீவிலும், பினாங்குக்கு அருகே ஜெரெஜாக் தீவிலும் அதற்கான முகாம்கள் இருந்தன. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி மலாயாவுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் பலர் முதலில் கால் பதித்த இடம் இத்தகைய தீவுதான்.

இம்முறையில் இரு குறைகள் இருந்தன. நோய்க்கிருமி உடலில் புகுந்த நாளுக்கும் நோய்க்குறி தோன்றும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தை அடைகாலம் என்கிறோம். பெரியம்மைக்கு இது பெரும்பாலும் பத்து நாள்களுக்கு மேல். புறப்படும்போது நலமாகத் தோன்றிய பயணி, இறங்கும்போதும் நலமாகவே தோன்றக்கூடும். எந்தத் துறைமுகத்தில் நோய் இருக்கிறது என்று அறியாவிட்டால், எல்லாக் கப்பல்களையும் ஐயுற வேண்டும். அன்றேல் நோயுள்ள கப்பலையும் விட்டுவிட நேரும். இரண்டாவது குறை மனித மனத்தைச் சார்ந்தது. தன்னிடம் நோய் உண்டு என்று அறிவிக்கும் துறைமுகம் வணிகத்தை இழக்கும். ஆகவே, மறைத்து வைக்கும் ஆசை எழுவது இயல்பு.

இவ்விரு குறைகளையும் ஒருங்கே களைய முயன்றது சிங்கப்பூரில் அமைந்த ஒரு நிலையம். முதல் உலகப் போருக்குப்பின் தோன்றிய சர்வதேச சங்கம், 1925இல் இங்குத் தன் கீழைத்தேய நோய்த்தகவல் நிலையத்தைத் திறந்தது. சிங்கப்பூரின் துறைமுகச் சுகாதார அதிகாரியாகப் பணியாற்றிய டாக்டர் கில்பர்ட் புரூக் அதன் முதல் இயக்குநரானார். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை முதல் ஜப்பான், ஆஸ்திரேலியா வரை நூற்றுக்கும் மேற்பட்ட துறைமுகங்கள் காலப்போக்கில் இதனுடன் இணைந்தன. பிளேக், காலரா, பெரியம்மை பற்றிய நிலவரத்தை அவை வாரந்தோறும் தந்தியில் தெரிவித்தன. தந்திச் செலவைக் குறைக்கத் தனிக் குறியீட்டு அகராதியும் உருவாயிற்று. நிலையம் அவற்றைத் தொகுத்து, கம்பியில்லாத் தந்தி வழியாக எல்லாருக்கும் திருப்பி அறிவித்தது.

கப்பலின் வேகத்தில் நோய் வந்தது. மின்சாரத்தின் வேகத்தில் செய்தி வந்தது. கப்பல் கரையை அடையுமுன் அதிகாரிகள் ஆயத்தமாக முடிந்தது. அதைவிடப் பெரிய மாற்றம் நம்பிக்கையில் ஏற்பட்டது. எல்லாத் துறைமுகங்களும் ஒரே முறையில் அறிவிக்கும்போது, உண்மையைச் சொன்ன நகரம் மட்டும் தனித்துத் தண்டிக்கப்படுவதில்லை. எங்கே நோய் இல்லை என்பதும் தெரிந்ததால், தேவையற்ற தடைகளைத் தளர்த்த வழி பிறந்தது. 1942இல் ஜப்பானியர் சிங்கப்பூரைக் கைப்பற்றியதும் இப்பணி நின்றது. 1948இல் நிறுவப்பட்ட உலகச் சுகாதார நிறுவனம் அவ்வழியைத் தொடர்ந்தது.

விமான யுகம் இக்கணக்கை மாற்றிவிட்டது. 2003 பிப்ரவரியில் ஹாங்காங் ஹோட்டல் ஒன்றில் தங்கிய சிலர், சார்ஸ் நோயைத் தம்மையறியாமல் ஹனோய், சிங்கப்பூர், டொராண்டோ நகரங்களுக்குக் கொண்டு சென்றனர். ஹாங்காங்கிலிருந்து சிங்கப்பூருக்கு விமானப் பயணம் ஏறத்தாழ நான்கு மணி நேரம். நோயின் அடைகாலமோ சில நாள்கள். 2002 நவம்பரிலேயே குவாங்டோங் மாநிலத்தில் தோன்றிய அந்நோய் பற்றிய செய்தி, உலகை எட்டச் சில மாதங்கள் ஆயின. சிங்கப்பூரில் 238 பேர் நோயுற்றனர். 33 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் மருத்துவப் பணியாளர்களும் இருந்தனர். தாமதத்தின் விலையை நாம் இவ்வெண்களில் காண்கிறோம். அதே ஆண்டில், பல நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் தம் முடிவுகளை நாள்தோறும் பகிர்ந்துகொண்டு, ஏறத்தாழ ஒரு மாதத்தில் நோய்க்கிருமியை உறுதிசெய்தன. ஒளிவுமறைவின்மையின் பயனுக்கு இது சான்று.

இப்பாடத்தின் விளைவாக அனைத்துலகச் சுகாதார விதிமுறைகள் 2005இல் திருத்தப்பட்டு, 2007இல் நடப்புக்கு வந்தன. உலகளாவிய அக்கறைக்குரியதாகக்கூடிய நோய்நிகழ்வை மதிப்பிட்டறிந்த நாடு, 24 மணி நேரத்துக்குள் அதனை அறிவிக்க வேண்டும். போக்குவரத்துக்கும் வணிகத்துக்கும் தேவையற்ற இடையூறு நேரலாகாது என்பதும் அவ்விதிமுறைகளின் நோக்கமாகும். 1925இன் தந்திகளுக்குப் பின்னிருந்த சிந்தனையே இங்கும் நிற்கிறது.

பகிரப்படும் தகவல் வீண்பழியையும் நீக்குகிறது. 2013, 2014 ஆண்டுகளில் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஒரே சமயத்தில் டெங்கி பெருகியது. நாள்தோறும் பெருந்திரளான மக்கள் ஜொகூர் பாலத்தைக் கடக்கின்றனர். எனவே, நோய் அக்கரையிலிருந்து வந்தது என்று இருபுறத்தாரும் எண்ணுதல் எளிது. கிருமிகளின் மரபணுவை ஒப்பிட்டபோது உண்மை வேறாக இருந்தது. டெங்கிக் கிருமியின் நான்கு வகைகளுள் சிங்கப்பூரில் முதல் வகையும் மலேசியாவில் இரண்டாம் வகையும் மேலோங்கியிருந்தன. ஆகவே, ஒவ்வொரு நகரமும் தன் வீதிகளில் தேங்கிய நீரையே முதலில் நோக்க வேண்டியிருந்தது.

நகரங்களுக்கிடையே விரையும் செய்தி, இறுதியில் ஒரு வீட்டு வாசலைச் சென்றடைய வேண்டும். அங்குள்ள முதியவருக்கு அது புரியாவிடில், தந்தியும் கணினியும் கடந்த தொலைவு வீணாகும். அடைகாலம், தொடர்புத் தடமறிதல் போன்ற சொற்களை நாம் வகுப்பறையில் விளக்கிப் பழக்குவது இதனால்தான் இன்றியமையாததாகிறது. மாணவர் ஒருவர் அச்சொற்களைத் தம் பாட்டிக்கு எளிய தமிழில் எடுத்துரைக்கும்போது, நகரங்களின் கூட்டுறவு அந்த வீட்டிலும் நிறைவு பெறுகிறது.