‘இது சுப்ராவே இல்லை!’ - திட்டியபோது விற்ற கார், பாராட்டியபோது விற்காமல் போனது ஏன்?

2019 ஜனவரி 14. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் வாகனக் கண்காட்சி. டொயோட்டாவின் அப்போதைய தலைவர் அகியோ டொயோடாவே மேடையேறி ஒரு ஸ்போர்ட்ஸ் காரை அறிமுகம் செய்கிறார். பெயர், ஜிஆர் சுப்ரா. 2002-ல் உற்பத்தி நின்றுபோன சுப்ரா, 17 ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்திருந்தது.

அதே வாரம், விற்பனைக்கு வரவிருந்த முதல் காரை அரிசோனாவில் ஏலம் விட்டார்கள். போன விலை 21 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 15 கோடி ரூபாய்! பணம் முழுவதும் அறக்கட்டளைகளுக்குப் போனது.

பார்த்தால் செம ஹிட் மாதிரி தெரிகிறது இல்லையா? ஆனால், கார் பிரியர்கள் மத்தியில் அன்று அதிகம் கேட்ட குரல் வேறு. “இது சுப்ராவே இல்லை. டொயோட்டா சட்டை போட்ட பிஎம்டபிள்யூ!”

அதற்குப் பிறகு நடந்ததுதான் சுவாரஸ்யம். அடுத்த சில ஆண்டுகளில் ரசிகர்கள் கேட்டதில் பெரும்பாலானவற்றை டொயோட்டா கொடுத்தது. திட்டியவர்களே பாராட்டத் தொடங்கினார்கள். விற்பனை மட்டும் சரிந்தது. ஏன் இப்படி?

சுப்ரா மேல் ஏன் இவ்வளவு பாசம்?

காரணம், 1993-ல் வந்த ஏ80 தலைமுறை சுப்ரா. அதன் டர்போ மாடலில் இருந்தது 2ஜேஇசட் எனும் 3 லிட்டர் இன்ஜின். ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும் ‘இன்லைன் சிக்ஸ்’ அமைப்பு, இரண்டு டர்போக்கள். அமெரிக்காவில் விற்ற கார் 320 ஹார்ஸ்பவர் கொடுத்தது.

மேட்டர் என்னவென்றால், அந்த இன்ஜினின் இரும்பு பிளாக் ரொம்ப கெட்டி. பெரிய டர்போ, கூடுதல் எரிபொருள் என மாற்றி மாற்றி, 1,000 ஹார்ஸ்பவர் வரை எடுத்தார்கள் மெக்கானிக்குகள். ‘என்ன செய்தாலும் தாங்கும்’ என்று பெயர் வந்தது அப்படித்தான்.

2001-ல் வந்த ‘தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்’ படத்தில் ஆரஞ்சு நிற சுப்ரா திரையில் ஓடியது. பிளேஸ்டேஷனின் ‘கிரான் டூரிஸ்மோ’ விளையாட்டில் பல பேர் அதை ஓட்டினார்கள். நிஜ சுப்ராவை ஒருமுறைகூட நேரில் பார்க்காத ஒரு தலைமுறையே அதன் ரசிகர்களாக வளர்ந்தது. அந்தப் படத்தில் நடித்த சுப்ரா 2021-ல் ஏலத்துக்கு வந்தபோது 5.5 லட்சம் டாலருக்கு விற்றது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன புகார்கள்?

*பிஎம்டபிள்யூ பாகங்கள்:* புதிய சுப்ராவும் பிஎம்டபிள்யூ இசட்4 காரும் ஒரே அடித்தளத்தில் உருவானவை. இன்ஜின், கியர்பாக்ஸ், உள்ளே இருக்கும் திரை, ஸ்விட்சுகள் வரை பிஎம்டபிள்யூ சரக்கு. இரண்டு காரும் தயாரானது ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் உள்ள மேக்னா ஸ்டெயர் ஆலையில். ‘ஜப்பான் கார்’ என்று காத்திருந்தவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம்.

*மேனுவல் கியர் இல்லை:* 8 கியர் ஆட்டோமேட்டிக் மட்டும்தான். கிளட்ச் மிதித்து, கியர் போட்டு ஓட்டுவதில்தான் சுகமே இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு இது தாங்க முடியாத விஷயம்.

*பவர் குறைவு:* 335 ஹார்ஸ்பவர். 20 வருடத்துக்கு முந்தைய காரைவிட 15 மட்டுமே அதிகம்.

*விலை:* அமெரிக்காவில் தொடக்க விலை 49,990 டாலர். அதே பணத்துக்கு இன்னும் பவர் அதிகமான மஸ்டாங் கிடைக்குமே என்று கேட்டார்கள்.

*போலிக் காற்றுத் துளைகள்:* பானெட், கதவு, பம்பர் என்று பல இடங்களில் காற்றுத் துளை மாதிரியே இருக்கும். ஆனால், அடைத்திருக்கும். ரேஸுக்குப் பயன்படுத்தும்போது திறந்துகொள்ளலாம் என்று டொயோட்டா விளக்கம் சொன்னது. கலாய்ப்பு நிற்கவில்லை.

டொயோட்டா ஏன் பிஎம்டபிள்யூவிடம் போனது?

உலகின் மிகப் பெரிய கார் நிறுவனங்களில் ஒன்று, ஒரு காரைச் சொந்தமாகச் செய்ய முடியாதா? முடியும். ஆனால், கணக்கு உதைக்கும்.

புது இன்ஜின் ஒன்றை உருவாக்கிச் சோதித்து, ஒவ்வொரு நாட்டின் மாசு விதிகளுக்கும் ஏற்றபடி ஒப்புதல் வாங்க ஏகப்பட்ட பணம் தேவை. கேம்ரி மாதிரி லட்சக்கணக்கில் விற்கும் காரில் அந்தச் செலவு காருக்குக் கொஞ்சமாகப் பிரிந்துவிடும். வருடத்துக்குச் சில ஆயிரம் மட்டும் விற்கும் ஸ்போர்ட்ஸ் காரில், மொத்தச் சுமையும் அந்தச் சில ஆயிரம் பேர் தலையில் விழும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சுப்ரா என்றால் இன்லைன் சிக்ஸ் இன்ஜின், பின்சக்கர இயக்கம் என்பது 1978-ல் தொடங்கிய மரபு. 2010-களில் டொயோட்டாவிடம் அப்படிப் புது இன்ஜின் எதுவும் இல்லை. அந்த வகை இன்ஜினை விடாமல் செய்துவந்த வெகு சில நிறுவனங்களில் ஒன்று பிஎம்டபிள்யூ. ஆக, சுப்ராவின் மரபைக் காப்பாற்றத்தான் ஜெர்மனிக்குப் போக வேண்டியிருந்தது.

அடித்தளத்தை முடிவு செய்த பிறகு இரண்டு குழுக்களும் தனித்தனியாகப் பிரிந்துவிட்டன. சுப்ராவின் முதன்மைப் பொறியாளர் டெட்சுயா டாடா. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம் வெறும் 2,470 மில்லி மீட்டர். டொயோட்டாவின் சிறிய ஸ்போர்ட்ஸ் காரான 86-ஐவிட 10 சென்டி மீட்டர் குறைவு. வளைவுகளில் கார் சட்டென்று திரும்ப இது முக்கியம்.

இதில் ஒரு வேடிக்கை. ரசிகர்கள் கொண்டாடும் பழைய ஏ80 டர்போவின் 6 கியர் மேனுவல் பெட்டியும் கெட்ராக் என்ற ஜெர்மன் நிறுவனத்துடன் சேர்ந்து செய்ததுதான்!

ரசிகர்கள் மனம் மாறியது எப்படி?

கார் கைக்கு வந்ததும் முதலில் உடைந்தது, பவர் புகார். சக்கரத்தில் கிடைக்கும் சக்தியை அளக்கும் ‘டைனோ’ மெஷினில் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியம். இன்ஜினில் இவ்வளவு என்று நிறுவனம் சொன்ன அளவு, கிட்டத்தட்ட அப்படியே சக்கரத்தில் கிடைத்தது. வழக்கமாக வழியில் கொஞ்சம் இழப்பு இருக்கும். அப்படியென்றால், நிறுவனம் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறது.

பி58 என்ற அந்த பிஎம்டபிள்யூ இன்ஜினும் டியூனிங் செய்ய நன்றாகவே ஒத்துழைத்தது. ‘புது 2ஜேஇசட் கிடைத்துவிட்டது’ என்ற பேச்சு கிளம்பியது.

2021 மாடலில் டொயோட்டாவே பவரை 382-ஆக உயர்த்தியது. முதல் வருடமே ஓடிப்போய் வாங்கியவர்கள் கடுப்பானது தனிக்கதை. 2022 ஏப்ரலில் பெரிய அறிவிப்பு வந்தது. 3 லிட்டர் சுப்ராவில் 6 கியர் மேனுவல்! பிறகு பிஎம்டபிள்யூவும் தன் இசட்4-ல் மேனுவல் கொடுத்தது. சுப்ரா ரசிகர்கள் போட்ட சண்டையின் பலன் பிஎம்டபிள்யூ வாடிக்கையாளர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

அப்போ விற்பனை எகிறியிருக்கணுமே?

அதுதான் இல்லை. அமெரிக்க விற்பனையைப் பாருங்கள்.

2020 - சுமார் 5,900
2021 - சுமார் 6,800
2022 - சுமார் 5,000
2023 - சுமார் 2,600
2024 - சுமார் 2,600

உச்சம் தொட்டது 2021-ல். அப்போது மேனுவல் கிடையாது. மேனுவலோடு விற்ற முதல் முழு ஆண்டான 2023-ல் விற்பனை கிட்டத்தட்ட பாதியாகச் சரிந்தது. கேட்டதைக் கொடுத்த பிறகுதான் வாங்குவது குறைந்தது!

ஏன் இப்படி?

முதல் காரணம், ஸ்போர்ட்ஸ் கார் சந்தையின் குணம். கட்டாயம் வாங்கியே தீருவேன் என்று இருப்பவர்கள் முதல் இரண்டு மூன்று வருடத்தில் வாங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு புது ஆட்கள் வர வேண்டும். குடும்பக் கார் என்றால், பழையது தேய்ந்ததும் புதியது வாங்கியே ஆக வேண்டும். இரண்டு சீட் கார் யாருக்கும் கட்டாயத் தேவை கிடையாது. ஆசை ஆறினால், வாடிக்கையாளரும் இல்லை.

இரண்டாவது, விலை. 50 ஆயிரம் டாலருக்குத் தொடங்கிய 3 லிட்டர் சுப்ரா, சில ஆண்டுகளில் 55 ஆயிரத்தைத் தாண்டியது. கார் கடனுக்கான வட்டியும் 2022-க்குப் பிறகு அமெரிக்காவில் நன்றாகவே ஏறியது. ஆசைக்காக வாங்கும் இரண்டாவது காரைத்தான் இந்தச் சூழலில் எவரும் முதலில் தள்ளிப்போடுவார்கள்.

மூன்றாவது காரணம்தான் முக்கியம். பேசுபவர்களும் வாங்குபவர்களும் ஒரே ஆட்கள் இல்லை.

இதற்கு நல்ல உதாரணம், நிசான் இசட். 2022-ல் அமெரிக்காவில் வந்தது. சுப்ராவிடம் ரசிகர்கள் என்னென்ன கேட்டார்களோ, அதெல்லாம் இதில் முதல் நாளே இருந்தது. மேனுவல் உண்டு. 400 ஹார்ஸ்பவர். நிசான் குடும்பத்தின் சொந்த இன்ஜின். தொடக்க விலையும் சுமார் 40 ஆயிரம் டாலர்தான். ஆனால், 2023-ல் அமெரிக்காவில் விற்றது 2 ஆயிரத்துக்கும் குறைவு. கார்கள் ஷோரூமுக்கு வந்து சேரத் தாமதமானதும் ஒரு காரணம் என்றாலும், ‘ரசிகர்கள் கேட்டதைக் கொடுத்தால் விற்றுவிடும்’ என்ற கணக்கு அங்கேயும் பலிக்கவில்லை.

அதே சந்தையில் மஸ்டாங் வருடத்துக்கு 40 ஆயிரத்துக்கு மேல் விற்கிறது. பின் சீட் உண்டு, குறைந்த விலை மாடல் உண்டு, மேல்கூரையைத் திறக்கும் மாடலும் உண்டு. தினசரி வாழ்க்கையோடு ஒத்துப்போகும் கார் அது.

பழைய சுப்ரா மட்டும் விற்றுத் தள்ளியதா?

இங்கேதான் ட்விஸ்ட். ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் ஏ80 சுப்ரா, 1993 முதல் 1998 வரை அமெரிக்காவில் விற்றது மொத்தமே சுமார் 11 ஆயிரம்தான். விற்பனை மந்தமாக இருந்ததால் 1998-லேயே அங்கே கடையைக் கட்டிவிட்டார்கள். ‘டொயோட்டா உடம்பில் பிஎம்டபிள்யூ’ என்று கலாய்க்கப்பட்ட கார், அதே நாட்டில் 2024 வரை 25 ஆயிரத்தைத் தாண்டி விற்றிருக்கிறது. இரண்டு மடங்குக்கும் மேல்!

விலைப் புகாரும் இப்படித்தான். 1990-களில் ஏ80 டர்போவின் விலை 40 ஆயிரம் டாலரை ஒட்டி இருந்தது. பணவீக்கத்தைச் சேர்த்தால், 2019 மதிப்பில் 60 ஆயிரத்துக்கு மேல். புதியதுதான் மலிவு.

அன்று ஏ80-ஐ வாங்க முடியாமல் போனவர்கள் பெரியவர்கள். அதை நேசித்தவர்கள், வாங்கும் வயதே வராத பையன்கள். அந்தப் பையன்கள் வளர்ந்து, 2019-ல் புதிய காரைத் தங்கள் நினைவோடு ஒப்பிட்டார்கள். நினைவில் இருந்த சுப்ராவுக்கு விலையும் இல்லை, குறையும் இல்லை. அதோடு எந்தக் காரால் போட்டி போட முடியும்?

அப்படியென்றால் ரசிகர்கள் பேச்சுக்கு மதிப்பே இல்லையா?

நிச்சயம் இருக்கிறது. 17 ஆண்டுகள் உற்பத்தியே இல்லாத ஒரு பெயரை உயிரோடு வைத்திருந்தது அவர்கள்தான். அந்தப் பெயருக்கு இருந்த மதிப்பால்தான் டொயோட்டா திரும்ப வந்தது. மேனுவல் கியர் வந்ததும் அவர்கள் விடாமல் கேட்டதால்தான். ஆனால், அந்தப் பேச்சை விற்பனைக் கணிப்பாக எடுத்துக்கொண்டால்தான் தப்பு.

அடுத்த முறை ஏதாவது ஒரு ஸ்போர்ட்ஸ் கார் அறிமுகமாகி, ‘மரண மாஸ்’, ‘வேஸ்ட்’ என்று இரண்டு பக்கமும் சத்தம் கேட்டால், மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். பேசுபவர்களில் எத்தனை பேர் நிஜமாகவே பணம் கட்டப்போகிறார்கள்? முதல் இரண்டு வருடக் கூட்டம் கலைந்த பிறகு இதை யார் வாங்குவார்கள்? இந்த காரைச் சொந்தமாகச் செய்தால் கணக்கு கட்டுபடியாகுமா, இல்லை பங்காளி வேண்டுமா? மார்க்கெட்டில் அந்த கார் எவ்வளவு நாள் தாங்கும் என்பதை, அதன் ஹார்ஸ்பவரைவிட இந்தப் பதில்களே நன்றாகச் சொல்லும்.

இந்தத் தலைமுறை சுப்ராவுக்கு 2026-தான் கடைசி மாடல் ஆண்டு. விடைபெறும் முன், ‘ஃபைனல் எடிஷன்’ என்று 435 ஹார்ஸ்பவரில் ஒரு சிறப்பு மாடலையும் டொயோட்டா அறிவித்தது. மேனுவல் கியரோடு, உலகம் முழுவதற்கும் வெறும் 300 கார்கள். இன்று 15 வயதில் வீடியோ கேமில் இந்த சுப்ராவை ஓட்டிக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர், 2040-ல் வரும் அடுத்த சுப்ராவைப் பார்த்து, ‘இது சுப்ராவே இல்லை, அந்த பிஎம்டபிள்யூ இன்ஜின் சுப்ராதான் சுப்ரா’ என்று சொன்னாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.