யூரியா போடும் முன் இலையைப் பாருங்கள்

பயிர் மஞ்சள் கட்டினால் நம்மில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது யூரியா மூட்டைதான். நெல்லில் அது பல நேரம் சரியாக இருக்கும். சுண்ணாம்புப் பாங்கான நிலத்து நிலக்கடலையில் காசு போகும், மஞ்சள் போகாது. மஞ்சள் தொடங்கியது அடி இலையிலா, கொழுந்திலா? நரம்பு பச்சையாக இருக்கிறதா? இந்த இரண்டையும் கவனித்தாலே காரணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

இலையின் நடுத்தசைச் செல் ஒவ்வொன்றிலும் பத்துக்கணக்கில் பசுங்கணிகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் உள்ளேயும் தோசைகளை அடுக்கி வைத்ததுபோல மெல்லிய சவ்வுத் தட்டுகள். பச்சையம் பதிந்திருப்பது இந்தத் தட்டுகளில்தான். வெயிலைப் பிடிப்பதும் இங்கேதான். பிடித்த சக்தியைக் கொண்டு, தட்டுகளைச் சூழ்ந்த திரவப் பகுதியில் சர்க்கரை தயாராகிறது. நெல்மணியில் பால் பிடிப்பதும் கடலையில் பருப்பு திரள்வதும் இந்தச் சர்க்கரையால்தான்.

பச்சையத்தில் 'ஏ' என்பது நீலம் கலந்த பச்சை, 'பி' மஞ்சள் கலந்த பச்சை. கூடவே கரோட்டினாய்டு என்ற மஞ்சள், ஆரஞ்சு நிறமிகளும் உண்டு. கடும் வெயிலில் பச்சையம் சேதமாகாமல் காப்பது இவற்றின் முக்கிய வேலை. இவை இலையில் எப்போதும் இருப்பவைதான். பச்சையம் குறையும்போது வெளியே தெரிகின்றன. (பருத்தி இலை சிவப்பது வேறு கதை. அந்தச் சிவப்பு நிறமி பசுங்கணிகத்தில் இல்லை, செல் சாற்றில் கரைந்திருப்பது.)

பச்சைய மூலக்கூறின் நடுவில் ஒரு மெக்னீசியம் அணு, அதைச் சுற்றி 4 நைட்ரஜன் அணுக்கள். தழைச்சத்து குறைந்தால் பயிர் தன் பழைய இலையின் பசுங்கணிகங்களை உடைத்து, அதிலுள்ள சத்தைக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். அதனால் அடி இலை முழுவதும் சீராக மஞ்சளாகும். மெக்னீசியமும் இப்படியே இடம் மாறும். ஆனால் அதன் பற்றாக்குறையில் அடி இலையின் நரம்புகள் பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் வெளுக்கும். 10 லிட்டர் நீருக்கு 100 கிராம் எப்சம் உப்பு கலந்து தெளிக்கலாம்.

இரும்பு பச்சையத்தின் உறுப்பு இல்லை. ஆனால் இரும்பு இல்லாமல் பச்சையம் உருவாகாது. பழைய இலையிலிருந்து அது எளிதில் நகர்வதும் இல்லை. அதனால் கொழுந்து இலைதான் முதலில் வெளுக்கும். நரம்பு பச்சையாக இருந்து, முற்றினால் இலையே வெள்ளையாகிவிடும். நிலக்கடலையிலும் கரும்பிலும் இதை அடிக்கடி காணலாம். மண்ணில் இரும்பு இல்லை என்று எண்ண வேண்டாம். சுண்ணாம்பு அதைப் பூட்டி வைத்திருக்கிறது. தண்ணீர் தேங்கினால் இன்னும் மோசம். இதற்கு யூரியா வீண். அன்னபேதி உப்பை மண்ணில் இட்டாலும் அதுவும் சீக்கிரம் பூட்டப்பட்டுவிடும் என்பதால் இலைவழி கொடுப்பதே நல்லது. 10 லிட்டர் நீருக்கு அன்னபேதி உப்பு 100 கிராம், சிட்ரிக் அமிலம் 10 கிராம். கரைத்தவுடன், மாலை நேரத்தில் தெளியுங்கள். கரைசலை வைத்திருந்தால் பழுப்பாகிப் பயன் குறையும். 10 நாள் இடைவெளியில் இரண்டு, மூன்று முறை தேவைப்படும். புதிதாக வரும் இலைகளின் நிறத்தைப் பாருங்கள். முன்பே வெள்ளையாகிப்போனவை தேறாமல் போகலாம்.

நெல்லில் அளவுக்கு மீறிய கரும்பச்சையும் ஆபத்துதான். இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் அதைத் தேடி வரும். நட்ட 14ஆம் நாளிலிருந்து பூக்கும் வரை வாரம் ஒருமுறை இலை வண்ண அட்டையை எடுத்துக்கொண்டு வயலில் இறங்குங்கள். 10 குத்துகளில், முழுவதும் விரிந்த உச்சி இலையை அட்டையுடன் ஒப்பிடுங்கள். 6 அல்லது அதற்கு மேற்பட்ட இலைகள் 4ஆம் எண்ணுக்குக் கீழே இருந்தால் மட்டும் தழைச்சத்து இடுங்கள். வெள்ளைப் பொன்னிக்கு அந்த எண் 3. காலை 8 முதல் 10 மணிக்குள், ஒரே ஆள் பார்ப்பது நல்லது. இலை உங்கள் உடம்பின் நிழலில் இருக்கட்டும். நேர் வெயிலில் நிறம் மாறித் தெரியும்.