வலப்பக்கம் வருபவருக்கே முதல் வழி

கோவையில் பத்து வருடம் கார் ஓட்டிய கை, மியூனிக்கில் வாடகைக் காரில் உட்கார்ந்ததும் முதலில் தடுமாறுவது இண்டிகேட்டரில்தான். நம் கார்கள் பலவற்றில் ஸ்டீயரிங்குக்கு வலப்புறம் இருக்கும் லீவர், அங்கே இடப்புறம். பழக்க தோஷத்தில் வலது கையால் தட்டினால், சுள்ளென்ற வெயிலில் வைப்பர் ஆட ஆரம்பிக்கும். நீங்கள் திரும்பப்போவது பின்னால் வருபவருக்குத் தெரியாமலே போகும்.

காகித வேலை சுலபம். உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 4ஏ படிவமும் ரூ.1,000 கட்டணமும் கொடுத்தால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி கிடைக்கும். ஓராண்டு செல்லும். ஊர் லைசென்ஸும் கூடவே இருக்க வேண்டும். தனியாக அந்த அனுமதிக்கு மதிப்பில்லை. ஜெர்மனியில் குடியேறுபவர்களுக்கு நம் லைசென்ஸ் 6 மாதம்தான். பிறகு எழுத்துத் தேர்விலும் சாலைத் தேர்விலும் தேறி, அந்நாட்டு லைசென்ஸ் வாங்க வேண்டும்.

கையையும் கண்ணையும் பழக்குவதுதான் பெரிய வேலை. அங்கே குடியிருப்புத் தெருக்களில் பல சந்திப்புகளுக்குச் சிக்னலும் கிடையாது, பலகையும் கிடையாது. ‘ரெஷ்ட்ஸ் ஃபோர் லிங்க்ஸ்’ என்பது சட்டம்: வலப்பக்கமிருந்து வருபவருக்கே முதல் வழி. அவர் வருவது சின்னத் தெருவாக இருக்கலாம், ஓட்டுவது குட்டிக் காராக இருக்கலாம். நீங்கள்தான் நிற்க வேண்டும். பெரிய வண்டிக்கு வழிவிட்டே பழகிய நமக்கு இது புதுசு. நீங்கள் நிற்பீர்கள் என்று நம்பித்தான் அவர் வருகிறார்.

ஆட்டோபான் எனும் ஜெர்மன் விரைவுச்சாலையில் வேகத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். பல பகுதிகளில் உச்சவரம்பு இல்லை. 130 கிலோமீட்டர் என்பது பரிந்துரை மட்டுமே. ஆனால் வண்டிகள் ஊர்ந்தாலே போதும், இடக்கோடித் தடத்தில் இருப்பவர்கள் இன்னும் இடப்பக்கமும், மற்றவர்கள் வலப்பக்கமும் ஒதுங்கி நடுவில் வழிவிட வேண்டும். சைரன் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. வழிவிடாதவருக்குக் குறைந்தது 200 யூரோ அபராதம், ஒரு மாதம் ஓட்டத் தடை. அந்த இடைவெளியில் ஆம்புலன்ஸ் போகும். அதற்குள் யாரோ ஒருவரின் உயிர் இருக்கும்.

கிளம்புவதற்கு முன் ஒரு மாதம் இங்கேயே பழகுங்கள். ஆபத்துக்கு மட்டும் ஹாரன் அடியுங்கள். திரும்புமுன் கண்ணாடியை மட்டும் நம்பாமல் தோளுக்குப் பின்னாலும் பாருங்கள். அங்கே வலப்பக்கம் திரும்பும்போது, நேரே போகும் சைக்கிள்காரர் கண்ணாடியில் தெரியாத அந்த மறைவில்தான் இருப்பார். ஜீப்ரா கோட்டில் கால் வைக்கக் காத்திருப்பவருக்காக முழுசாக நின்று பாருங்கள். அந்தப் பழக்கத்துக்கு எந்த நாட்டு முத்திரையும் தேவையில்லை.